பாக்டீரியா மருந்தை வெளியே இறைக்கிறதா? அகார் தட்டில் பார்க்கும் முறை

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஈ.கோலை பாக்டீரியா. மருந்தின் இலக்கான ஜைரேஸ் என்ற நொதி மாறிவிட்டதா, இல்லை செல் சவ்விலுள்ள ஏசிஆர்ஏபி-டால்சி பம்புப் புரதம் மருந்தை உள்ளே வர வர வெளியே இறைக்கிறதா? இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பம்பைச் சோதிக்க எத்திடியம் புரோமைடு என்ற சாயம் போதும். செல்லுக்குள் தங்கினால் டிஎன்ஏவில் ஒட்டி யூ.வி.யில் ஒளிரும், பம்பு இறைத்துவிட்டால் ஒளிராது.

ஆறு குடுவைகளில் 100 மி.லி. வீதம் டிரிப்டிக் சோய் அகாரை ஆட்டோகிளேவ் செய்து, 50 டிகிரிக்கு ஆறவிடுங்கள். 1 மி.கி./மி.லி. எத்திடியம் கரைசலை முறையே 0, 50, 100, 150, 200, 250 மைக்ரோலிட்டர் விட்டால் லிட்டருக்கு 0 முதல் 2.5 மி.கி. வரை கிடைக்கும். தட்டுக்கு 20 மி.லி. ஊற்றி, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றி, அன்றைக்கே பயன்படுத்துங்கள். நைட்ரைல் கையுறை கட்டாயம். எத்திடியம் மரபணுவில் பிறழ்வை உண்டாக்கக்கூடிய பொருள்.

இரவு வளர்த்த கல்ச்சரை 0.5 மெக்ஃபார்லண்டுக்கு (கலங்கலை அளக்கும் அளவுகோல்) கொண்டுவந்து, ஸ்வாபைக் குழாய்ச் சுவரில் அழுத்திப் பிழிந்து, நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரே கோடாக இழுங்கள், வண்டிச் சக்கர ஆரம் மாதிரி. ஒரு தட்டில் 12 கோடு வரை போகும். அதில் ஒன்று எப்போதும் ஏடிசிசி 25922, ஒப்பிடுவதற்கான நிலையான ஈ.கோலை திரிபு (ஒரே இனத்தின் தனி வகை). பம்பு நீக்கிய ஏஜி100ஏ திரிபும் அதன் தாய்த் திரிபான ஏஜி100ம் கிடைத்தால் இன்னும் நல்லது.

37 டிகிரி, 16 முதல் 18 மணி நேரம். வேலூரில் கத்திரி வெயிலின்போது சறுக்குவது இங்கேதான். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும். அறையே 40ஐத் தொட்டால் உள்ளேயும் இறங்காது. குளிரூட்டும் பி.ஓ.டி. இன்குபேட்டரில் வையுங்கள். மின்சாரம் போனதா என்று தெரிய, உள்ளே உச்ச-நீச வெப்பமானி ஒன்று இருக்கட்டும்.

யூ.வி. மேடையில், யூ.வி. தடுக்கும் முகக்கவசத்தோடு, எந்தச் செறிவில் கோடு முதலில் ஒளிர்கிறது என்று குறியுங்கள். ஏடிசிசி 1.0லும் உங்கள் திரிபு 2.0லும் ஒளிர்ந்தால், திரிபின் பம்பு வலுவானதாக இருக்கலாம். பிறகு தட்டுகளை 4 டிகிரியில் 24 மணி நேரம் வையுங்கள்: குளிரில் பம்புக்குச் சக்தி கிடைக்காது, இருண்ட கோடும் ஒளிரத் தொடங்கும்.

ஸ்டாஃபிலோகாக்கஸோடு ஈ.கோலையை ஒப்பிடாதீர்கள்; முன்னதற்கு வெளிச்சவ்வே இல்லை. ‘போரின்’ (வெளிச்சவ்வின் துளைப் புரதம்) குறைந்த திரிபிலும் சாயம் உள்ளே நுழையாமல் ஒளி மங்கும். ஆகவே பிஏபீட்டாஎன் என்ற பம்புத் தடுப்பானோடும் அது இல்லாமலும் மருந்தின் எம்.ஐ.சி. (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பாருங்கள். தடுப்பானோடு அது நான்கு மடங்கு குறைந்தால் பம்பு என்று எழுதலாம்.

பயன்படுத்திய தட்டில் பிளீச்சிங் பவுடர் போடக் கூடாது, ஆட்டோகிளேவும் சாயத்தை அழிக்காது. கிருமியைக் கொன்றபின், எத்திடியம் என்று எழுதி, தனிக் கழிவாக எரியுலைக்கு அனுப்புங்கள்.