சக்கரம் சாய்ந்து தெரிகிறதா? அலைன்மென்ட் கடைக்குப் போகும் முன் வீட்டு வாசலிலேயே பாருங்கள்

முன்சக்கரம் ஒன்று சாய்ந்து நிற்பது போலத் தெரிந்தால் உடனே சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைக்கு வண்டியை விடுவோம். நானும் ஒரு பள்ளத்தில் இடது சக்கரத்தை இறக்கியபிறகு இரண்டு முறை காசு கொடுத்து அலைன்மென்ட் பார்த்தேன், இரண்டு முறையும் ஸ்டியரிங் நேரானது, டயர் மட்டும் உள்பக்கமாகத் தேய்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால் ஸ்ட்ரட், அதாவது சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ஷாக் அப்சார்பர் தண்டு, வளைந்திருந்தது.

விஷயம் இதுதான். ஸ்விஃப்ட், ஐ10 மாதிரியான சின்னக் கார்களில் மெஷினில் ஏற்றித் திருத்துவது பெரும்பாலும் முன்சக்கரத்தின் டோ மட்டும்தான், அதாவது சக்கரங்கள் நம் பாதம் போல உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்பது. சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்வது கேம்பர், அது திரையில் தெரியும், ஆனால் திருகிச் சரிசெய்யத் தனியாக இடம் இருக்காது. ஆகவே சாய்வு வந்திருக்கிறதென்றால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது.

முதலில் நிஜமாகவே சாய்வா என்று பாருங்கள். சமதரையில் நிறுத்தி, காற்றைச் சரிபார்த்து, ஸ்டியரிங்கை நேராக வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்டியரிங் திரும்பியிருந்தாலே சக்கரம் சாய்ந்துதான் தெரியும். ஜாக்கியில் தூக்கி இறக்கிய வண்டியையும் உடனே அளக்காதீர்கள், கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டினால்தான் சஸ்பென்ஷன் தன் இடத்துக்கு வந்து உட்காரும். அப்புறம் கொத்தனார் தூக்குக் குண்டு, இல்லையென்றால் நூலில் ஒரு நட்டைக் கட்டி, சக்கரத்தின் நடுவுக்கு நேராக டயரைத் தொடாமல் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும் எவ்வளவு, கீழ் விளிம்புக்கும் எவ்வளவு என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 14 இஞ்ச் ரிம்மில் இரண்டுக்கும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஏறக்குறைய 1 டிகிரி சாய்வு. வண்டியைச் சக்கரம் அரைச்சுற்று சுற்றும் அளவுக்கு நகர்த்தி மறுபடி அளந்து, அளவு மாறினால் ரிம்மே வளைந்திருக்கிறது என்று அர்த்தம். இடது, வலது இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி லேசாகச் சாய்ந்திருந்தால் பயமில்லை, ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தால்தான் தேட வேண்டும்.

டயரும் பேசும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது சக்கரங்கள் வெளிநோக்கித் திரும்பியிருக்கலாம். உள்ளங்கையைக் குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பாகவும் திருப்பித் தடவினால் ரம்பம் மாதிரியும் இருந்தால் அது டோ. இரண்டு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, அலைன்மென்ட்டை விட்டுவிடுங்கள். அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பாருங்கள்.

அடுத்து ஆட்டம். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்சக்கரத்தைத் தூக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை விட வேண்டாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் சக்கரத்தின் அடிப்பக்கத்தைத் தாங்கும் குமிழ் மூட்டான பால் ஜாயின்ட் பக்கம் சந்தேகப்படலாம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் பெரும்பாலும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை, அதாவது டை ராட் எண்ட். எதிலும் ஆட்டமே இல்லை, ஆனால் சாய்வு இருக்கிறது என்றால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின் ரப்பர்) கிழிந்திருக்கிறதா, சுருள் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, ஸ்ட்ரட் வளைந்திருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்ற புகாருக்கு மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. நம் சாலைகளில் மழைத்தண்ணீர் வடிய ஓரமாகச் சரிவு இருக்கும், கையை விட்டால் லேசாக இடப்பக்கம் போவது சகஜம். அதற்கு மேல் இழுத்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள் (சுற்றும் திசை அம்புக்குறி போட்ட டயர் என்றால் வேண்டாம்). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் அது பிரேக் வேலை.

சில கடைகளில் ஹைட்ராலிக் ஜாக்கி கருவி ஒன்றைப் பொருத்தி, ஸ்ட்ரட்டை அழுத்தி வளைத்து “கேம்பர் கரெக்‌ஷன்” செய்து தருவார்கள், திரையில் எல்லாம் பச்சையாகிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை; ஏற்கெனவே வளைந்த இரும்பை எதிர்ப்பக்கம் வளைத்து நேராக்குவதை விட, கெட்ட பாகத்தை மாற்றிவிட்டுக் கடைசியாக டோ வைப்பதுதான் சரி. மாற்றிய பிறகு அலைன்மென்ட் பார்க்கும்போது திருத்துவதற்கு முந்தைய அளவு, பிந்தைய அளவு இரண்டும் உள்ள பிரிண்ட் கேட்டு வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பள்ளத்துக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.