வீட்டிலேயே பட்டர் டாஃபி: வெண்ணெய் பிரியாமல் பாகு எடுப்பது எப்படி?

சர்க்கரையும் வெண்ணெயும் சம எடை, கொஞ்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. பட்டர் டாஃபிக்கு அடிப்படைச் சாமான் இவ்வளவுதான். பாலோ கிரீமோ கண்டென்ஸ்டு மில்க்கோ வேண்டாம். மெல்லும்போது பல்லில் இழுபடும் கேரமல் வேறு ரகம். அதில் கிரீம் சேரும், 118 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறக்கிவிடுவார்கள். நாம் செய்யப்போவது 150 டிகிரி வரை போய், ஆறியதும் மொடுக்கென்று உடைகிற டாஃபி. அப்படியே கொறிக்கலாம். உடைத்து குக்கியிலும் பிரவுனியிலும் போடலாம்.

சாமான் குறைவாக இருப்பதால் சட்டென்று முடித்துவிடலாம் என்று அடுப்பைக் கூட்டி வைக்கத் தோன்றும். அங்கேதான் காரியம் கெடுகிறது. பாதிப் பாகில் வெண்ணெய் உருகித் தனியாக மிதக்கும், சர்க்கரை ஒரு திரளாக அடியில் நிற்கும். இந்தப் பதிவில் அந்த ஓர் இடத்தில்தான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

அளவு

சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 200 கிராம், தண்ணீர் 3 மேசைக்கரண்டி, லிக்விட் குளுக்கோஸ் 1 மேசைக்கரண்டி, வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி, பேக்கிங் சோடா கால் தேக்கரண்டி. மேலே பூச டார்க் சாக்லேட் 150 கிராம், வறுத்து ஒன்றிரண்டாக நறுக்கிய பாதாமோ முந்திரியோ 100 கிராம். 9 அங்குலச் சதுர ட்ரேக்கு இது சரியாக இருக்கும்.

கப் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்து எடுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெண்ணெய் கடையில் வாங்கிய பாக்கெட் வெண்ணெயாகவே இருக்கட்டும். உப்பு சேர்த்த டேபிள் பட்டர் என்றால் தனியாக உப்பு வேண்டாம். உப்பில்லாத சமையல் வெண்ணெய் என்றால் கால் தேக்கரண்டி உப்பு போடுங்கள். வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயில் மோர் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது. அதை நெய் காய்ச்ச வைத்துக்கொள்ளுங்கள்.

லிக்விட் குளுக்கோஸ் எதற்கு என்றால், சர்க்கரை மறுபடியும் மணல் மணலாகப் பூத்துப் போகாமல் தடுக்க. கிடைக்கவில்லையா, எலுமிச்சைச் சாறு சில சொட்டுப் போதும். ஜாங்கிரிப் பாகில் எலுமிச்சை பிழிவதும் இதே காரணத்துக்குத்தான்.

பாத்திரமும் தெர்மாமீட்டரும்

அடி கனமான எவர்சில்வர் பாத்திரம், ட்ரைப்ளை என்றால் இன்னும் நல்லது. சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவ வேண்டும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் நடுவே கருகி ஓரம் வெந்திருக்காது. இரும்பு வாணலி எனக்கு மிகவும் பிடித்தது என்றாலும் டாஃபிக்கு எடுக்க மாட்டேன். கறுப்பு அடியில் பாகின் நிறம் தெரியாது. அடுப்பை அணைத்த பிறகும் சூட்டை விடாமல் பாகை முற்ற வைத்துவிடும். பாகு நுரைத்து எழும்பும், அதனால் சாமான் கால் பாத்திரத்துக்கு மேல் வராத அளவுக்குப் பெரியதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளற மரக்கரண்டி, அல்லது சூடு தாங்கும் சிலிக்கான் கரண்டி.

தெர்மாமீட்டரில், பாத்திரத்தின் விளிம்பில் மாட்டும் மிட்டாய்த் தெர்மாமீட்டரைவிடக் குச்சி மாதிரி முனை உள்ள டிஜிட்டல் வகைதான் என் தேர்வு. இந்த அளவுப் பாகில் மற்றதன் முனை சரியாக முங்காது. துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் இன்ஃப்ராரெட் கருவி மேல் பரப்பை மட்டும்தான் காட்டும், ஆவியும் நுரையும் இருக்கும்போது அதை நம்ப முடியாது.

ஊட்டியிலிருந்து ஒரு வாசகி, 150 வரை வைத்தால் கருகல் வாடை வருகிறது என்று எழுதியிருந்தார். அதன் பிறகு சேர்த்த பத்தி இது. முதலில் வெறும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டுத் தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சென்னையில் 100 காட்ட வேண்டும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதிவந்துவிடும். உங்கள் வீட்டில் தண்ணீர் கொதித்த அளவோடு 50 கூட்டிக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் டாஃபிப் பதம். ஊட்டிக்கு 143 போதும். உங்கள் தெர்மாமீட்டர் ஒன்றிரண்டு டிகிரி தப்பாகக் காட்டினாலும் இந்தக் கணக்கில் சரியாகிவிடும்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்குப் பாட்டிமார் வழி இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, பாகிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அந்தத் தண்ணீரில் விடுங்கள். எடுத்து வளைத்தால் வளைந்து பிறகு உடைந்தால் இன்னும் பதம் வரவில்லை. வளையாமல் பட்டென்று உடைந்து, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்டால் இறக்கலாம். கடலை மிட்டாய்க்குப் பார்க்கிற அதே முற்றிய பதம். ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். இந்தச் சூட்டில் ஒரு நிமிடம் என்பது நிறைய நேரம்.

பாகு

தொடங்குவதற்கு முன் ட்ரேயில் பட்டர் பேப்பர் விரித்து, சாக்லேட்டை நறுக்கி, சோடாவையும் வெனிலாவையும் அளந்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். குழந்தைகள் சமையலறையில் இருக்க வேண்டாம். 150 டிகிரிப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வைக்காதீர்கள், பற்பசை தடவாதீர்கள்.

வெண்ணெயைத் துண்டு போட்டுச் சிறு தீயில் உருக்குங்கள். முழுதும் உருகியதும் சர்க்கரை, தண்ணீர், குளுக்கோஸ் சேர்த்து, சர்க்கரை கரையும்வரை அதே சிறு தீயில் கிளறுங்கள். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் மணல் மாதிரி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. கொதி வருவதற்கு முன்பே கரைந்தாக வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை நனைத்த பிரஷ்ஷால் வழித்துவிடுங்கள்.

இப்போது தீயைச் சிறு தீக்கும் மிதமான தீக்கும் நடுவில் வையுங்கள். இனிமேல் அடுப்பின் திருகைத் தொடக் கூடாது.

105 முதல் 115 டிகிரி வரை பாகு நகரவே நகராது. கொதிக்கும், நுரைக்கும், தெர்மாமீட்டர் மட்டும் அப்படியே நிற்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அது போகும்வரை சூடு ஏறாது. எல்லோரும் பொறுமையிழந்து தீயைக் கூட்டுவது இந்த இடத்தில்தான். கூட்டினால் அடிப்பக்கம் ஒரு சூடு, மேல்பக்கம் ஒரு சூடு என்றாகிவிடும். வெண்ணெயிலுள்ள பால் புரதந்தான் கொழுப்பையும் சர்க்கரைப் பாகையும் சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீர் திடீரென்று வற்றினாலும் சூடு சட்டென்று ஏறி இறங்கினாலும் அந்தப் பிடி விட்டுப்போகும். அதனால் தீயைக் கூட்டாதீர்கள், குறைக்கவும் வேண்டாம், ஃபேனையும் நிறுத்திவிடுங்கள். குளிர்ந்த கரண்டியை நடுவில் மாற்றிப் போடாதீர்கள். கிளறுவது மெதுவாக, அடியைத் தொட்டு, ஒரே சீராக இருக்கட்டும்.

இண்டக்‌ஷன் அடுப்பில் செய்து பிரிந்துபோனதாகப் பலர் எழுதினார்கள். சாதாரண இண்டக்‌ஷன் அடுப்புகள் பல, குறைந்த அளவில் வைத்தால் தொடர்ந்து சூடாக்குவதில்லை. சில நொடி முழு வேகம், சில நொடி நிறுத்தம் என்று மாறி மாறி ஓடும். டாஃபிக்கு ஆகாத சூடு அது. கேஸ் அடுப்பு இருந்தால் அதிலேயே செய்யுங்கள்.

தண்ணீர் வற்றியதும் பாகு கெட்டிப்பட்டு, குமிழ் பெரிதாகி, மெல்ல வெடிக்கும். நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்புக்குத் திரும்பும். 130க்கு மேல் சூடு விறுவிறுவென்று ஏறும், கண்ணை எடுக்காதீர்கள். பாதாம் பருப்பின் தோல் நிறம் வந்து, 148 காட்டும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள்; மீதியைப் பாத்திரத்தின் சூடு பார்த்துக்கொள்ளும். மொத்தம் 15லிருந்து 20 நிமிடம் ஆகும்.

வெனிலாவையும் சோடாவையும் போட்டு இரண்டு சுற்றுக் கிளறுங்கள். பொங்கும், பயப்பட வேண்டாம். சோடா உள்ளே பொடிப்பொடிக் காற்றுக் குமிழ்களை விடுவதால் டாஃபி கல் மாதிரி ஆகாமல் பொரபொரவென்று உடையும்.

பிரிந்துவிட்டால்

பாகின் ஓரத்தில் பளபளவென்று எண்ணெய்க் கோடு தெரிய ஆரம்பித்தால் அதுதான் முதல் அறிகுறி. அப்போதே பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். பக்கத்து அடுப்பில் கொதிக்கும் தண்ணீர் தயாராக இருக்கட்டும். அதில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஓரமாக விடுங்கள். சீறும், தெறிக்கும், நீளமான கைப்பிடி உள்ள கரண்டி அவசியம். விட்டதும் நிறுத்தாமல் ஒரே பக்கமாகக் கிளறுங்கள். முதலில் இன்னும் மோசமாகிவிட்ட மாதிரி தெரியும். கிளறக் கிளற எண்ணெய் உள்ளே இழுத்துக்கொண்டு, பாகு மறுபடி வழவழவென்று வரும். வரவில்லை என்றால் இன்னொரு கரண்டி. மூன்று கரண்டிக்கு மேல் போகாதீர்கள்.

சேர்ந்துவிட்டதா, சரி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள், முன்பைவிடக் குறைந்த தீயில். தண்ணீர் சேர்த்ததால் சூடு இறங்கியிருக்கும், திரும்ப 148 வரை வர வேண்டும். ஆறின தண்ணீர் விட்டால் சூடு சட்டென்று இறங்கி இன்னும் திரிந்துவிடும்; கொதிநீர்தான் வேண்டும்.

மூன்று கரண்டியிலும் சேரவில்லை என்றால் எண்ணெயை வடித்துவிட்டு, கட்டிய சர்க்கரையை ஆறவைத்துப் பொடியுங்கள். கருகாமல் இருந்தால் வெண்ணெய் மணத்தோடு இருக்கும், கேக் மேல் தூவவும் காபியில் போடவும் அருமையாக இருக்கும். தூக்கி எறிய வேண்டாம்.

கொட்டியதும்

ட்ரேயில் ஒரே வீச்சில் கொட்டுங்கள். பாத்திரத்தில் ஒட்டியதைச் சுரண்டி அதன் மேல் போடாதீர்கள், மணல் பூப்பது அங்கிருந்துதான் தொடங்கும். இரண்டு நிமிடம் கழித்து மேலே எண்ணெய் கசிந்திருந்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், இல்லையென்றால் சாக்லேட் ஒட்டாமல் பாளமாக உரிந்துவிடும். நறுக்கிய சாக்லேட்டைப் பரவலாகத் தூவி, ஐந்து நிமிடம் தொடாமல் விட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் தடவுங்கள். மேலே பாதாம். பேக்கிங்குக்கு மட்டும் என்றால் சாக்லேட்டும் பருப்பும் இல்லாமல் வெறுமனே ஆறவிடுங்கள்.

சதுரமாக வேண்டுமென்றால் சாக்லேட் போடுவதற்கு முன், கொஞ்சம் இறுகி வரும்போது எண்ணெய் தடவிய கத்தியால் கோடு போட்டு வைக்க வேண்டும். நான் கையால் உடைத்துக்கொள்வேன். முழுதும் ஆற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும்.

சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் டாஃபி செய்வதைத் தள்ளிப்போடுங்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் ஆறியதும் அரை மணிக்குள் காற்றுப் புகாத டின்னில் அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்து மூடிவிடுங்கள். நன்றாக மூடி வைத்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்பு போகாது.

பேக்கிங்கில்

ரொம்பப் பொடித்தால் ஓவனில் முழுதும் உருகிக் காணாமல் போய்விடும். சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டுகள் சரி. குக்கி மாவு பிசைந்து முடித்த பிறகு கடைசியில் சேர்த்து, மாவை ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்துச் சுடுங்கள். ஓரத்தில் வழிந்து ஒட்டும், ஆகவே பட்டர் பேப்பர் இல்லாமல் ட்ரேயில் வைக்கவே வைக்காதீர்கள். மாவில் டாஃபி சேர்ந்தால் குக்கியின் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். வாழைப்பழக் கேக்குக்கு உள்ளே போடுவதைவிட, வெந்து முடிய பத்து நிமிடம் இருக்கும்போது மேலே தூவுவது எனக்குப் பிடிக்கும். மேற்பரப்பில் பாதி உருகிப் பாதி மொறுமொறுப்பாக நிற்கும்.

கேட்டவர்களுக்கு

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வேண்டாம். நெய் காய்ச்சும்போது தண்ணீரும் பால் புரதமும் போய்விடுகின்றன. பாகைச் சேர்த்துப் பிடிக்க அதில் எதுவும் இல்லை, ஆரம்பத்திலேயே பிரியும்.

வெல்லம்? முழுவதும் வெல்லமாகப் போட்டால் 150 வருவதற்குள் கருகிவிடும். 200 கிராமில் 50 கிராம் மட்டும் நாட்டுச் சர்க்கரையாக மாற்றுங்கள், மணம் நன்றாக இருக்கும். நிறம் முதலிலிருந்தே பழுப்பாக இருப்பதால் கண்ணால் பதம் பார்க்க முடியாது, தெர்மாமீட்டரையோ தண்ணீர்ச் சொட்டையோ நம்புங்கள்.

அப்புறம், பாத்திரம் கழுவுவது. சுரண்ட வேண்டாம். தண்ணீர் நிரப்பிக் கரண்டியையும் உள்ளே போட்டு ஒரு கொதி விடுங்கள், எல்லாம் கரைந்துவிடும்.