கமராவுக்கு மெமரி காட் வாங்கப் போறீங்களோ?

கிளிநொச்சி டவுனுக்கு வெளிக்கிட முதல் உங்கட கமரா எந்தக் காட் எடுக்கும் எண்டு பாருங்கோ, பழைய கமரா சிலது எஸ்டிஎச்சி எண்ட வகைக் காட் மட்டும்தான் வாசிக்கும், அது 32 ஜிபி வரைக்கும்தான், 64 போட்டால் எரர் எண்டு நிக்கும். போட்டோவுக்கு கிளாஸ் 10 எண்ட வேகக் குறி போட்ட காட் காணும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை ஃபோர்கே வீடியோ எடுக்கிற ஆக்கள் வி30 எண்டு குறி போட்ட காட் பாத்து எடுங்கோ, செக்கனுக்கு குறைஞ்சது 30 எம்பி எழுதும், மட்டையில பெரிசா அடிச்சிருக்கிற 170, 200 எல்லாம் அனேகமா வாசிக்கிற வேகம்.

நான் மலிவெண்டு வாங்கின 128 ஜிபி உண்மையில 8தான், மச்சாளின்ர சாமத்தியவீட்டுப் படம் பாதி போட்டுது, இண்டைக்கும் பேச்சு விழுது. வாங்கின உடன கொம்பியூட்டரில எச்2டெஸ்ட்டபிள்யூ எண்ட காட் சோதிக்கிற புரோகிராம் போட்டு முழுசா நிரப்பிப் பாருங்கோ. காட்டின்ர பக்கத்தில இருக்கிற குட்டி லொக் இறங்கினாலும் படம் பதியாது, பழுதெண்டு எறிஞ்சுடாதேங்கோ.