அப்சிந்தைக் கொளுத்தாதீர்கள்: பச்சைச் சரக்கைப் பற்றி நம்பப்படும் தவறுகள்

அப்சிந்த் என்பது சோம்பு மணமுள்ள, ரொம்ப வலுவான ஓர் ஐரோப்பிய மூலிகைச் சாராயம். யூடியூபில் அதைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது நெருப்புதான். ஓட்டை போட்ட கரண்டி, அதில் ஒரு சர்க்கரைக்கட்டி, மேலே பச்சைச் சரக்கை ஊற்றி ஒரு தீக்குச்சி, நீல ஜுவாலை, சுற்றி நின்று கூச்சல். அந்தக் காலத்துப் பாரிஸில் கவிஞர்களும் ஓவியர்களும் இப்படித்தான் குடித்தார்கள் என்று பார்க்காரர் வேறு அடித்துவிடுவார். பாரிஸில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. கொளுத்தும் வித்தை 1990-களில் செக் நாட்டில் கிளம்பியது. கம்யூனிச ஆட்சி போன பிறகு அங்கே சந்தைக்கு வந்த சரக்குகள் பலவற்றில் ஆனிஸ், அதாவது அந்தச் சோம்பு மணத்துக்குக் காரணமான விதை, குறைவு அல்லது இல்லவே இல்லை. ஆனிஸ் இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றினாலும் பால்போல் வெளுக்காது. வெளுக்காத சரக்கை வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்கு என்ன வேடிக்கை காட்டுவது? கொளுத்திவிட்டார்கள்.

கொளுத்துவதால் சுவைக்கு ஒரு நன்மையும் இல்லை. சர்க்கரை கருகி, மூலிகை வாசனையெல்லாம் போய், தீய்ந்த மிட்டாய் வாடை மட்டும் மிஞ்சும். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இது 60, 70 சதவீத ஆல்கஹால். எரிகிற கரண்டிமேல் பாட்டிலைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றலாம் என்று நினைத்தால் தீ பாட்டிலுக்கே ஏறும். வீட்டில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

சரி, உண்மையான முறை என்ன? அது ரொம்ப அமைதியான வேலை, பொறுமை இல்லாதவருக்குச் சலிப்பாகக்கூட இருக்கும். கிளாஸில் 30 மில்லி அப்சிந்த். அதன் விளிம்பில் ஓட்டைக் கரண்டி, கரண்டியில் சர்க்கரைக்கட்டி. மேலிருந்து ஐஸ் போட்ட தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். கஃபேக்களில் இதற்கென்றே நான்கைந்து குழாய் வைத்த கண்ணாடித் தொட்டி மேசை நடுவில் நிற்கும். வீட்டில் மூக்கு நீண்ட ஒரு ஜாடி போதும். முதல் சொட்டுகளைச் சர்க்கரை குடித்துக்கொள்ளும், பிறகு ஓரம் இடிந்து உள்ளே வழியும். கிளாஸுக்குள் எண்ணெய் இழைபோல் ஏதோ சுருண்டு நெளிவது தெரியும். அப்புறம் அடியிலிருந்து ஒரு வெண்மை கிளம்பி மேலே ஏறும். பச்சை மெல்லிய ஒரு வளையமாக மேற்பரப்பில் ஒதுங்கி நின்று, கடைசியில் அதுவும் கரைந்து, கிளாஸ் முழுக்க அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அப்போது எழும் வாசனைக்காகத்தான் இத்தனை பாடும்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆனிஸிலும் பெருஞ்சீரகத்திலும் உள்ள அனிதோல் என்ற எண்ணெய்ச் சத்து ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் கூடக்கூட அது நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. கிரேக்கர்களின் ஊசோவிலும் துருக்கியரின் ராக்கியிலும் நடப்பது இதேதான். இங்கே பலர் செய்யும் தவறு, தண்ணீரை மடமடவென்று கொட்டுவது. வெளுக்கத்தான் செய்யும், ஆனால் மெதுவாகச் சேர்த்ததில் ஒவ்வொன்றாக அவிழும் மணங்கள் இதில் ஒரேயடியாக அமுங்கிவிடும். ஒரு பங்கு அப்சிந்துக்கு மூன்று முதல் ஐந்து பங்கு தண்ணீர் கணக்கு. சர்க்கரை கட்டாயமில்லை. நல்ல சரக்கென்றால் முதலில் சர்க்கரை இல்லாமல் பார்ப்பதே நல்லது என்பது என் கட்சி.

தண்ணீர் கலக்காமல் ஷாட்டாக அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாக்கு மரத்துப்போகும், அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் கலந்தவர்களும் ஒரு கணக்கில் ஏமாறுகிறார்கள். 68 சதவீதச் சரக்கு 30 மில்லியில் 120 மில்லி தண்ணீர் சேர்த்தால் கிளாஸில் இருப்பது சுமார் 13.6 சதவீதம், ஏறத்தாழ ஒயின் அளவு. இனிப்பாக, குளுகுளுவென்று இறங்கும். ஆனால் உள்ளே போன ஆல்கஹால் 20 மில்லிக்கு மேல். நம்மூரில் கிடைக்கும் 42.8 சதவீத விஸ்கி 30 மில்லியில் அது 13 மில்லிகூட இல்லை. ஒரு பெக்குக்கு ஒரு பெக் என்று எண்ணிக்கொண்டு குடிப்பவர் மூன்றாவதில் கவிழ்வது இதனால்தான், அப்சிந்தின் செல்லப்பெயரான பச்சை தேவதையின் மாயத்தால் அல்ல.

அந்தத் தேவதைக்கு வருவோம். அப்சிந்த் குடித்தால் மாயக்காட்சி தெரியும் என்பதுதான் இந்தச் சரக்கின் மூலதனமே. காரணம் என்று சொல்லப்படுவது இதில் சேரும், எட்டிபோல் கசக்கும் வோர்ம்வுட் என்ற செடியும் அதிலுள்ள தூஜோன் என்ற வேதிப்பொருளும். 1860-களில் பாரிஸ் மனநல மருத்துவர் வாலன்தேன் மன்யான் விலங்குகளில் சோதித்தார். ஒரு கினி எலிக்கு ஆல்கஹால் ஆவி, இன்னொன்றுக்கு வோர்ம்வுட் எண்ணெயின் ஆவி. ஆல்கஹால் பட்டது தள்ளாடியது, எண்ணெய் பட்டதற்கு வலிப்பு வந்தது. ஆகவே அப்சிந்த் தனி வகைப் பைத்தியத்தைத் தரும் என்று முடிவு கட்டினார். அடர்ந்த எண்ணெயைக் கொடுத்துவிட்டு, அது துளியளவே உள்ள பானத்தின்மேல் பழி போட்டது எப்படிச் சரியாகும் என்று அப்போதே சிலர் கேட்டார்கள். யார் காதில் விழுந்தது?

தூஜோன் நிறைய போனால் வலிப்பு வரும் என்பது உண்மை. மூளையின் பரபரப்பை அடக்கிவைக்கும் காபா ஏற்பிகளைத் தடுக்கிறது. ஆனால் மாயக்காட்சி தராது. 1970-களில் இது கஞ்சா மாதிரி வேலை செய்கிறதோ என்று ஒரு ஊகம் கிளம்பி, பிறகு பொய்யென்று ஆனது. ஊகம் மட்டும் இன்னும் பார்களில் உயிரோடு திரிகிறது. 'அன்றைய சரக்கில் தூஜோன் ஏராளம், இன்று எடுத்துவிட்டார்கள்' என்பது அடுத்த சமாளிப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நாடுகள் அப்சிந்தைத் தடை செய்தன. அந்தத் தடைக்கு முந்தைய 13 பாட்டில்களைத் திறந்து ஆராய்ந்த முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. சராசரி லிட்டருக்கு 25 மில்லிகிராம், அதிகபட்சம் 48 சொச்சம். இன்றைய ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 35. அமெரிக்காவில் 10-க்குக் கீழே இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. தூஜோன் மண்டைக்கேறும் அளவு குடிப்பதற்கு வெகு முன்பே ஆல்கஹால் ஆளைச் சாய்த்துவிடும். லேபிளில் தூஜோன் அளவைப் பெருமையாகப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அந்த பாட்டிலை அலமாரியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அப்படியானால் ஏன் தடை செய்தார்கள்? 'கொலை நடந்தது, அதனால் தடை' என்று ஒரே வரியில் முடிப்பது அடுத்த தவறு. 1905 ஆகஸ்ட் 28 அன்று சுவிட்சர்லாந்தின் கொம்யுன்யி கிராமத்தில் ழான் லான்ஃப்ரே என்ற தொழிலாளி கர்ப்பிணி மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் குடித்தது இரண்டு கிளாஸ் அப்சிந்த். அதோடு கிரெம் தெ மாந்த் என்ற புதினா மது, கொன்யாக் பிராந்தி, மதியச் சாப்பாட்டோடு கிளாஸ் கிளாஸாக ஒயின், பிராந்தி ஊற்றிய காபி, வீட்டுக்கு வந்து மறுபடியும் ஒயின். பத்திரிகைகளுக்கு அந்த இரண்டு கிளாஸ் மட்டும்தான் கண்ணில் பட்டது. தடை கேட்டு 82,000 பேர் கையெழுத்திட்டார்கள். 1908 ஜூலையில் நாடு தழுவிய வாக்கெடுப்பில் தடை வென்று, 1910 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அமெரிக்கா 1912, பிரான்ஸ் 1915.

ஒயினை யாரும் குற்றம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். 1860-களுக்குப் பிறகு ஃபைலாக்சரா பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது, ஒயின் விலை ஏறியது. பீட்ரூட்டிலும் தானியத்திலும் வடித்த மலிவு ஆல்கஹாலில் செய்த அப்சிந்த் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மாலை ஐந்து மணிக்குப் பச்சை நேரம் என்றே பெயர் வந்தது. தோட்டங்கள் மீண்டபோது ஒயின்காரர்களுக்குப் பழைய வாடிக்கையாளர்கள் வேண்டும், மதுவிலக்குக்காரர்களுக்கு ஒரு எதிரி வேண்டும், இரண்டு தரப்பும் கைகோத்துக்கொண்டன. அதற்காக அப்சிந்த் அப்பாவி என்று சொல்லவில்லை. மலிவு ரகங்களில் பச்சைக்குச் செம்பு உப்பும் வெளுப்பதற்கு ஆன்டிமனி குளோரைடும் கலந்தார்கள், அது சுத்த விஷம். வலுவான சாராயத்தை ஏழை ஜனம் தினமும் குடித்ததன் கேடும் பொய்யில்லை. ஓவியர் வான்கோ காதை அறுத்துக்கொண்டதை இதன் தலையில் கட்டுவதுதான் அபத்தம். அவருடைய நோயைப் பற்றி மருத்துவர்கள் இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

அப்சிந்த் பிறந்த ஊரும் பாரிஸ் இல்லை. சுவிட்சர்லாந்தின் ழூரா மலைப் பகுதியில் வால்-தெ-திராவேர் பள்ளத்தாக்கு, அதில் கூவே என்ற சிற்றூர். பியேர் ஓர்தினேர் என்ற மருத்துவர் கண்டுபிடித்ததாக ஒரு கதை உண்டு, அதே ஊர் ஆன்ரியோ வீட்டுப் பெண்கள் முன்பே வடித்தார்கள் என்று இன்னொரு கதை. 1797 வாக்கில் மேஜர் டூபியே செய்முறையை வாங்கித் தொழிலாக்கினார். அவர் மருமகன் ஆன்ரி-லூயி பெர்னோ 1805-இல் எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சின் பொன்தார்லியேவில் சொந்த ஆலை போட்டார். 1901 ஆகஸ்டில் அந்த ஆலையில் இடி விழுந்து தீப்பிடித்தது. வெடித்துவிடாமல் இருக்க ஒரு தொழிலாளி தொட்டிகளைத் திறந்துவிட, அப்சிந்த் அப்படியே டூ நதிக்குள் ஓடியது. ஓரிரு நாளில் மலைக்கு அப்பால் வேறொரு நதியான லூவின் ஊற்றில் சோம்பு வாசனை! டூ நதியின் தண்ணீர்தான் நிலத்தடியில் போய் அங்கே கிளம்புகிறது என்பது இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பின்னால் சாயம் கலந்து சோதித்து உறுதி செய்தார்கள்.

பாட்டில் வாங்கும்போது நிறத்தில் ஏமாறாதீர்கள். நியான் பச்சை என்றால் சாயம். நல்ல பச்சை அப்சிந்தில் வடித்த பிறகு சின்ன வோர்ம்வுட், ஹிசாப் போன்ற இலைகளை ஊறவைத்து நிறமேற்றுவார்கள், இலையின் பச்சையம்தான் அது. நிறமே இல்லாததைப் போலி என்று ஒதுக்குவதும் தவறு. தடை இருந்த காலம் முழுக்க, 2005 வரை, வால்-தெ-திராவேரில் திருட்டுத்தனமாக வடித்தது தெளிந்த சரக்கைத்தான். பச்சை காட்டிக்கொடுத்துவிடும் என்பது அங்கே சொல்லும் காரணம். லா ப்ளூ என்ற பெயரில் இப்போது சட்டப்படியே கிடைக்கிறது.

வீட்டில் செய்கிறேன் என்று வோட்காவில் வோர்ம்வுட்டைப் போட்டு ஊறவைப்பவர்களும் இருக்கிறார்கள். வாயில் வைக்க முடியாது. அந்தக் கசப்புச் சத்து வடிக்கும்போது பின்தங்கிவிடும், ஊறவைத்தால் முழுசாக இறங்கிவிடும். மரிக்கொழுந்தும் அதே ஆர்ட்டிமீசியா இனம்தானே என்று யாராவது ஆரம்பிக்கலாம். இனம் ஒன்றுதான், ஆனால் அது தலையில் வைக்க. இதைவிட ஆபத்து வாசனை எண்ணெய். 1997-இல் அமெரிக்காவில் ஒருவர் இணையத்தில் வாங்கிய வோர்ம்வுட் எண்ணெயை அப்சிந்த் என்று நினைத்துக் குடித்து, வலிப்பு வந்து, சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது மருத்துவ இதழிலேயே பதிவானது. எண்ணெய் வேறு, பானம் வேறு.

வாங்கிய பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். குளிரில் அனிதோல் பிரிந்து கலங்கலாகிவிடும். கலங்கிவிட்டாலும் பதற வேண்டாம், அறை வெப்பத்துக்கு வந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். வருஷங்கள் போகப் போகப் பச்சை மங்கிக் காய்ந்த இலை நிறத்துக்கு வந்தால் கொட்டிவிடாதீர்கள். நிறம் போட்டது சாயம் இல்லை, இலைதான் என்பதற்கு அது நல்ல அறிகுறி.