திறன்: நொடியை மறந்தால் வரும் தவறுகள்

“இந்த மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோவாட் இழுக்கும்.” இதைச் சொல்லாத வீடு குறைவு. பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். திறன் பாடம் தொடங்கும் நாளில் இந்த வாக்கியத்தைத்தான் முதலில் கரும்பலகையில் எழுதுவேன். இதில் என்ன தவறு என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

திறன் என்பது வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதன் அளவு. அதன் அலகான வாட்டுக்குள்ளேயே நேரம் இருக்கிறது. வேலைக்கும் ஆற்றலுக்கும் அலகு ஜூல்; நொடிக்கு ஒரு ஜூல் வேலை நடந்தால் ஒரு வாட். அதாவது நேரத்தால் ஏற்கெனவே வகுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ‘ஒரு மணி நேரத்துக்கு’ என்று சேர்த்தால் இரண்டாம் முறை வகுக்கிறோம். மின் கட்டணத்தில் வரும் யூனிட் வேண்டுமென்றால் வகுக்கக் கூடாது, பெருக்க வேண்டும். ஒரு கிலோவாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி. அதுதான் ஒரு யூனிட். 36 லட்சம் ஜூல். யூனிட் என்பது ஆற்றல், வாட் என்பது திறன். அவ்வளவுதான் விஷயம், ஆனால் இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

இதை நேரில் பார்க்க ஆய்வகம் வேண்டாம், வீட்டு மின்சார மீட்டர் போதும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கும். அதன் பக்கத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் 3200 என்று இருக்கும். அப்படியானால் ஒரு மினுக்கலுக்கு 36 லட்சத்தில் 3200-இல் ஒரு பங்கு, 1125 ஜூல். இப்போது மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பை மட்டும் போட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு மினுக்கலுக்கு இடையே 125 நொடி, இரண்டு நிமிடத்துக்கும் மேலே காத்திருக்க வேண்டும். அப்புறம் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போடுங்கள். ஏறக்குறைய நொடிக்கு ஒன்று என்று மினுக்கும். ஒவ்வொரு மினுக்கலும் அதே 1125 ஜூல்தான். மினுக்கலின் எண்ணிக்கை ஆற்றல். எவ்வளவு வேகமாக மினுக்குகிறது என்பது திறன். இதைப் பார்த்துவிட்டு வந்த மாணவர்கள் பிறகு அலகில் தவறியதே இல்லை.

மின் நிலையச் செய்திகளைப் படிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். கூடங்குளத்தில் ஓர் அணு உலையின் திறன் 1000 மெகாவாட். ‘ஒரு நாளைக்கு 1000 மெகாவாட் உற்பத்தி’ என்று எழுதினால் பொருளே இல்லை. முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் கிடைப்பது 2.4 கோடி யூனிட்.

சொற்களாலும் குழப்பம் வருகிறது. பேச்சில் சக்தி, ஆற்றல், திறன், பவர் எல்லாம் ஒன்றுதான். பாடத்தில் அப்படி இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திறன் என்பதை இலங்கைப் பாடநூல்கள் வலு என்கின்றன; இங்கே ஆற்றல் என்பது அங்கே சக்தி. இரண்டையும் இணையத்தில் மாற்றி மாற்றிப் பார்த்துப் படிப்பவர்கள் ஒரு சொல்தொகுதியைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு தவறு, கஷ்டப்பட்டால் அதிக வேலை என்று நினைப்பது. 50 கிலோ எடையுள்ள பெண் 3 மீட்டர் உயர மாடிப்படியை ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராக நடக்கும் வேலை 1470 ஜூல். ஓடி ஏறினாலும் நடந்து ஏறினாலும் இதே அளவுதான். 5 நொடியில் ஏறினால் சராசரித் திறன் 294 வாட். 20 நொடியில் ஏறினால் 73.5 வாட். மூச்சு வாங்குவது வேலை கூடியதால் அல்ல, நேரம் குறைந்ததால். மாறாக, அசையாத சுவரை எவ்வளவு நேரம் தள்ளினாலும் சுவரின் மீது நடக்கும் வேலை சுழி, திறனும் சுழி.

சராசரி எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். வேலையின் முதல் பாதி 100 வாட்டிலும் மறு பாதி 300 வாட்டிலும் நடந்தால் சராசரி 200 என்று எழுதிவிடுவார்கள். மொத்த வேலையை மொத்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள், 150 தான் வரும். குறைந்த திறனில் நடந்த பாதிக்கு மூன்று மடங்கு நேரம் ஆகியிருக்கிறது, அதுதான் காரணம்.

குண்டு பல்பின் மேல் எழுதியிருக்கும் வாட், 230 வோல்ட் கிடைத்தால் மட்டுமே உண்மை. 60 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் தொடரிணைப்பில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக ஒரே சுற்றில் போட்டால் 60 வாட் பல்புதான் அதிகம் ஒளிரும். அதன் மின்தடை அதிகம். தொடரில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் போவதால் தடை கூடிய இடத்தில் திறனும் கூடும். எந்தச் சூத்திரம் என்று யோசிக்கும் முன், இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மின்னழுத்தமா, மின்னோட்டமா என்று பாருங்கள்.

விசையையும் திறனையும் ஒன்றாக்குவதும் உண்டு. கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் லாரி முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சினுக்குப் புதிதாகத் திறன் வந்துவிடுவதில்லை. திறன் என்பது விசை பெருக்கல் வேகம். வேகத்தை விட்டுக்கொடுத்து விசையை வாங்குகிறார் ஓட்டுநர்.

கடைசியாக, முதலில் சொன்ன அந்த மோட்டார். அது ஒரு எச்.பி., அதாவது ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்.பி. என்றால் 746 வாட், சரி. ஆனால் அது மோட்டாரின் தண்டு வெளியே தருகிற திறன். மின்கம்பியிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம். பயனுறுதிறன், அதாவது உள்ளே போவதில் பயனாக வெளியே வரும் பங்கு, 70 சதவீதம் என்றால் உள்ளே போவது சுமார் 1066 வாட். மோட்டாரை மட்டும் ஓடவிட்டு மீட்டருக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று எண்ணுங்கள். 746 வாட்தான் என்றால் 40 மினுக்கல் வர வேண்டும். 57 வரை எண்ணுவீர்கள்.