தரையில் உட்காராமல் குவில்ட் அடுக்குகளை இணைப்பது: மேஜையில் நடக்கும் தவறுகள்

குவில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைப்பதைப் பாதியில் விடுகிறவர்களில் பலர் தையல் வராமல் விடுவதில்லை. மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் தரையில் விரித்து, தைக்கும்வரை அடுக்குகள் விலகாமலிருக்க முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து ஊக்கு குத்துவதற்கு முழங்காலும் இடுப்பும் இடம் கொடுப்பதில்லை. அந்த ஒரு வேலைக்காக ஒரு கலையையே விட வேண்டியதில்லை. அமெரிக்காவில் பல தலைமுறைகளாக மூன்று அடுக்குகளையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் சட்டம் இருக்காது, ஆனால் சாப்பாட்டு மேஜை இருக்கும். அது போதும்.

தரைக்கும் மேஜைக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. தரையில் முழுக் குவில்ட்டும் ஒரே நேரத்தில் தட்டையாகக் கிடக்கும். மேஜையில் ஒரு பகுதிதான் கிடக்கும், மீதி ஓரங்களில் தொங்கும். தொங்கும் துணிக்கு எடை இருக்கிறது, அது இழுத்துக்கொண்டே இருக்கும். மேஜையில் வரும் சுருக்கம், கோணல், மடிப்பு எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் இந்தத் தொங்கும் பகுதியைக் கவனிக்காததுதான் காரணமாக இருக்கும்.

கணக்கு எளிதாக இருக்க, 60க்கு 80 அங்குல ஒற்றைக் கட்டில் குவில்ட்டையும் 3 அடிக்கு 5 அடி மேஜையையும் எடுத்துக்கொள்வோம்.

மெத்தைமேல் விரிக்காதீர்கள்

தரை வேண்டாம் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது கட்டில். உயரம் சரியாக இருக்கும், அகலமும் இருக்கும். ஆனால் மெத்தை அமுங்கும். கையை ஊன்றிய இடத்தில் மூன்று அடுக்கும் குழியும், பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கும், ஊக்கு கட்டில் விரிப்பையும் சேர்த்துப் பிடித்துவிடும். கடினமான, தட்டையான பரப்புதான் வேண்டும்.

இரண்டு மேஜைகளை ஒட்டிப் போடலாம், உயரம் ஒன்றாக இருந்தால். அரை அங்குலம் கூடக் குறைய இருந்தாலும் அந்தப் படிக்கு மேலே துணி சரியாகப் படியாது. இதைவிட நல்ல வழி, 8க்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்றை மேஜைமேல் போட்டு, நகராதபடி கிளாம்ப் வைப்பது. 60க்கு 80 குவில்ட்டில் இரண்டு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் மட்டும்தான் அப்போது தொங்கும். ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிலாம்பு துணியில் மாட்டும்.

சாதாரணச் சாப்பாட்டு மேஜை சுமார் 30 அங்குல உயரம். நின்றபடி வேலை செய்ய அது தாழ்வு. முழங்காலைக் காப்பாற்றிவிட்டு முதுகைக் கெடுத்துக்கொள்வதில் பயனில்லை. மேஜைக் கால்களுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை கொடுத்து இடுப்பளவுக்கு உயர்த்துங்கள். சுவரை விட்டுத் தள்ளிப் போட்டால் நாலு பக்கமும் நடக்கலாம், எட்டிக் குனிய வேண்டியதில்லை.

அடித்துணியில் சிக்கனம் வேண்டாம்

மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக, அதாவது 68க்கு 88 இருக்கட்டும். கிளிப் பிடிக்கவும் இழுத்துச் சரிசெய்யவும் அந்த ஓரம் தேவை. கடையில் கிடைக்கும் பருத்தித் துணி பெரும்பாலும் 44 அங்குல அகலம் என்பதால் இரண்டு நீளங்களை ஒட்டுப் போட வேண்டிவரும். 5 மீட்டர் வாங்கினால் தாராளம். ஒட்டுப் போடும் முன் ஓரக்கரையை வெட்டிவிடுங்கள். கரை மற்ற பகுதியைவிட நெருக்கமான நெசவு, துவைத்தபின் அந்த ஒட்டு மட்டும் சுருங்கி நிற்கும். கையால் தைக்கப் போகிறவர்கள் நெருக்கமாக நெய்த பெட்ஷீட்டை அடித்துணியாக எடுக்க வேண்டாம், ஒவ்வொரு குத்துக்கும் ஊசி முரண்டு பிடிக்கும்.

இஸ்திரி போடாமல் விரிப்பதும் தவறு. அடித்துணியில் விட்ட மடிப்பு அப்படியே தையலுக்குள் போய்விடும். பஞ்சு விரிப்பைப் பையிலிருந்து எடுத்து ஓர் இரவு விரித்து வைத்தாலே மடிப்பு பெரும்பாலும் போய்விடும். பாலியெஸ்டர் பஞ்சில் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும்.

நடுவைத் தொலைக்காதீர்கள்

மேஜையின் நட்டநடுவில் ஒரு பல்குச்சியை டேப்பால் ஒட்டுங்கள். மூன்று துணிகளையும் நாலாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் அந்தக் குச்சிமேல் வைத்து விரியுங்கள். மூன்று அடுக்கு போட்ட பிறகும் விரலால் தடவினால் குச்சி தட்டுப்படும். இப்படிச் செய்தால் எதிரெதிர்ப் பக்கங்களில் துணி சம அளவு தொங்கும், இழுப்பும் சமமாக இருக்கும். ஒரு பக்கம் அதிகமாகத் தொங்கினால் நீங்கள் ஊக்கு குத்தக் குத்தவே துணி அந்தப் பக்கம் மெல்ல நகரும்.

அடித்துணியின் நல்ல பக்கம் கீழே பார்க்க வேண்டும். முதலில் எதிரெதிர் ஓரங்களின் நடுவில் பைண்டர் கிளிப், அப்புறம் மூலைகளை நோக்கி. மேஜை ஓரம் தடிமனாக இருந்து கிளிப் பிடிக்காவிட்டால் கிளாம்போ மாஸ்கிங் டேப்போ போதும்.

இங்கேதான் எல்லோரும் அளவை மீறுகிறார்கள். துணியை மேளத்தோல் மாதிரி விறைப்பாக இழுத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். கிளிப்பை எடுத்ததும் துணி தன் பழைய அளவுக்குத் திரும்பும், மேலே உள்ள இரண்டு அடுக்கும் அலை அலையாக நிற்கும். உள்ளங்கையால் தடவினால் சுருக்கம் ஓடக் கூடாது, அவ்வளவு இறுக்கம் போதும். கட்டம் போட்ட துணியென்றால் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள், வளைந்திருந்தால் அதிகம் இழுத்துவிட்டீர்கள். பஞ்சையும் மேல்துணியையும் இழுக்கவே வேண்டாம், நடுவிலிருந்து வெளியே தடவினாலே படியும்.

நகர்த்தும்போது

நடுப்பகுதி முடிந்ததும் நம் குவில்ட்டில் இரண்டு பக்கமும் 12 அங்குலமும், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் 10 அங்குலமும் மிஞ்சும். கிளிப்புகளை எடுத்துவிட்டு ஒரு பக்கமாக நகர்த்த வேண்டும். மொத்தக் குவில்ட்டிலும் அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான். நகர்த்தியதும் மேல்துணியைத் தடவிவிட்டு நேராக ஊக்கு குத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அடித்துணி உள்ளே மடிந்து கிடப்பது தெரிவதில்லை. பின்னால் திருப்பிப் பார்க்கும்போது மடிப்பு தையலோடு சேர்ந்திருக்கும்.

மேல்துணியையும் பஞ்சையும் ஊக்கு குத்திய இடம்வரை பின்னால் மடித்துப் போடுங்கள். அடித்துணி கண்ணுக்குத் தெரியும். அதை மெதுவாக இழுத்துச் சமன்செய்து, மூன்று பக்கம் மட்டும் கிளிப் போடுங்கள். ஊக்கு குத்திய பக்கத்துக்குக் கிளிப் தேவையில்லை, அங்கே தொங்கும் எடையே பிடித்துக்கொள்ளும். அப்புறம் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் இதே வரிசை, சலிப்பாக இருந்தாலும்.

ஊக்கு, நூல், ஸ்ப்ரே

ஊக்குக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். முஷ்டியை எங்கே வைத்தாலும் ஏதாவது ஓர் ஊக்கில் பட வேண்டும். இந்த அளவுக்குக் கிட்டத்தட்ட 300 ஊக்குகள் ஆகும். வளைந்த ஊக்கு கிடைத்தால் அதையே வாங்குங்கள், துணியைத் தூக்காமல் உள்ளே போய் வெளியே வரும். குத்தக் குத்த மூட வேண்டாம். மூடும் அசைவு பக்கத்துத் துணியை நகர்த்தும். ஒரு பகுதி முழுதும் குத்திவிட்டு, கிளிப்பை எடுக்கும் முன் மொத்தமாக மூடுங்கள். டீஸ்பூன் நுனியால் ஊக்கின் கூர்முனையை நிமிர்த்தி மூடினால் விரல் புண்ணாகாது. மரமேஜை கீறாமலிருக்க அடியில் ஒரு கட்டிங் மேட் போடுங்கள். கடலோர ஊர்களில் மலிவான இரும்பு ஊக்கை மாதக்கணக்கில் குவில்ட்டில் விட்டுவிடக் கூடாது, துருக்கறை எளிதில் போகாது.

இயந்திரத்தில் தைப்பவர்களுக்கு ஊக்கு நல்லது. கையால் தைப்பவர்களுக்கு என் பரிந்துரை ஊக்குக்குப் பதில் தற்காலிகமாக நீளத் தையலாக நூலோட்டுவதுதான், ஊக்கு இருந்தால் துணியை இறுக்கிப் பிடிக்கும் தையல் வளையத்தை மாட்ட முடியாது, நூலும் சிக்கும். நடுவில் தொடங்குங்கள். நூலில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு மறுபாதியால் ஓரம்வரை ஓட்டி, பிறகு திரும்பி வந்து விட்ட பாதியால் எதிர்ப்பக்கம் ஓட்டுங்கள். அடர்நிற நூல் வேண்டாம், சாயம் விட்டால் மேல்துணி கெடும்.

தற்காலிகப் பசை ஸ்ப்ரே வேகமானது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அடுப்பு எரியும்போதோ பூஜை விளக்கு ஏற்றியிருக்கும்போதோ அந்த டப்பாவைத் திறக்காதீர்கள், தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. சன்னல்களைத் திறந்து வையுங்கள். அட்டை ஒட்டும் நிரந்தரப் பசை ஸ்ப்ரேயை வாங்கிவிடக் கூடாது, ஊசியெல்லாம் பிசுபிசுக்கும்.

மேஜையிலிருந்து எடுத்துச் சுருட்டும் முன் குவில்ட்டைத் திருப்பிப் போட்டு அடித்துணி முழுவதையும் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். எங்காவது மடிப்பு தட்டினால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டாம். அந்த இடத்துக்கு மிக அருகில் இருக்கும் ஓரத்திலிருந்து அங்கே போகும்வரை உள்ள ஊக்குகளை மட்டும் கழற்றி, மடிப்பை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மறுபடி குத்தினால் சரியாகிவிடும்.