பொது ஒளிபரப்பில் பக்கச்சார்பு: எடைபோடும்போது நாம் விடும் பிழைகள்

அரச தொலைக்காட்சியில் செய்தி தொடங்கி இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, "இவங்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்று ஒருவர் சனலை மாற்றிவிடுவார். யாழ்ப்பாணத்து வீடுகளில் இது வழக்கமான காட்சி. தீர்ப்பு பெரும்பாலும் சரிதான். அதற்குச் சொல்லும் காரணங்கள்தான் பல நேரம் பிழையாக இருக்கின்றன. காரணம் பிழையானால், அதே சாய்வு நமக்குப் பிடித்த பக்கத்திலிருந்து வரும்போது நம் கண்ணில் படாது.

முதல் பிழை, அரசாங்கத்தின் ஒளிபரப்பையும் பொதுச்சேவை ஒளிபரப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. இலங்கை வானொலி 1967இல் கூட்டுத்தாபனம் ஆனது. ரூபவாஹினி 1982இல் வந்தது. இரண்டும் மக்களுக்குச் சொந்தமானவை, ஆனால் அவற்றின் பணிப்பாளர் சபையை நியமிப்பவர் அமைச்சர். ஆட்சி மாறினால் தலைவரும் மாறுவார். இந்த அமைப்பை விட்டுவிட்டுச் செய்தி வாசிக்கும் பிள்ளையைத் திட்டி என்ன பயன்? தன் கதிரை யார் கையில் இருக்கிறது என்று தெரிந்த செய்தி ஆசிரியரை யாரும் தொலைபேசியில் மிரட்டத் தேவையில்லை. எதைப் போடலாம், எதை விடலாம் என்று அவருக்கே தெரியும்.

இதை நமது உயர் நீதிமன்றமும் தொட்டிருக்கிறது. 1997இல் ஒளிபரப்பு அதிகார சபை ஒன்றை அமைக்க அரசாங்கம் சட்டமூலம் கொண்டுவந்தது. அலைவரிசைகள் அளவோடு இருக்கும் பொதுச் சொத்து, அவற்றை ஒழுங்குபடுத்தும் சபை அரசாங்கத்தின் பிடிக்கு வெளியே சுயாதீனமாக இருக்க வேண்டும், இந்தச் சட்டமூலத்தில் அது இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. அதற்கு முந்திய ஆண்டு, 1996இல், இன்னொரு தீர்ப்பு. வானொலியில் போய்க்கொண்டிருந்த ஒரு முறைசாராக் கல்வி நிகழ்ச்சியைத் திடீரென்று நிறுத்தியதை எதிர்த்து, அதில் பங்குகொண்ட நேயர் ஒருவர் வழக்குப் போட்டார். அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று தீர்ப்பாயிற்று. "கேட்கிற எங்களுக்கு என்ன உரிமை" என்று கையை விரிப்பவர்களுக்கு இந்த வழக்கைச் சொல்லலாம்.

சட்டம் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் பிழைதான். இந்தியாவில் அவசரநிலைக் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவை "ஆல் இந்திரா ரேடியோ" என்று சனம் கேலி செய்தது. பிறகு 1990இல், வானொலியையும் தொலைக்காட்சியையும் தன்னாட்சி அமைப்பு ஒன்றின் கையில் கொடுக்கும் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவே 1997 ஆயிற்று, செலவில் பெரும் பங்கை இன்றும் மத்திய அரசே கொடுக்கிறது. பிபிசிக்கு வீட்டுக்கு வீடு உரிமக் கட்டணம் இருக்கிறது, ஆனால் அந்தக் கட்டணம் எவ்வளவு என்று முடிவு செய்வது அரசாங்கம். பணப்பை எங்கே இருக்கிறது என்பதை எப்போதும் பார்க்க வேண்டும்.

அடுத்தது மணிக்கூட்டைப் பார்த்து நடுநிலையை அளப்பது. தேர்தல் காலத்தில் வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள் எந்தக் கட்சிக்கு எத்தனை வினாடி என்று எண்ணுவார்கள். அது தேவையான வேலை. அவர்கள் வினாடியோடு நிறுத்துவதில்லை, பேச்சின் தொனி சாதகமா பாதகமா என்றும் குறிப்பார்கள். நாமோ எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறோம். ஒருவரைப் பத்து நிமிடம் குற்றம்சாட்டிவிட்டு, இன்னொருவரைப் பத்து நிமிடம் புகழ்ந்தால் கணக்குச் சமம்தானே!

ஒரு உதாரணம் பாருங்கள். யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது 2019 ஒக்டோபர் 17. ஜனாதிபதித் தேர்தல் நவம்பர் 16. விமான நிலையம் இருக்கும் பலாலியில் ஜனாதிபதியும் பிரதமரும் நிற்கிறார்கள். இது செய்தியா, பிரசாரமா? செய்திதான். யாழ்ப்பாணத்தவருக்கு எவ்வளவோ கால எதிர்பார்ப்பு அது, காட்டாமல் விட்டால்தான் குறை. அதை எத்தனை நிமிடம் காட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, வேறு இரண்டு விடயங்களைப் பார்க்கலாம். திறப்பு விழாவுக்கு வந்தவர்களிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டார்களா? அதே வலிகாமம் வடக்கில் இராணுவம் எடுத்த காணி இன்னும் திரும்பக் கிடைக்காத ஒருவருடைய குரல் அந்த அறிக்கையில் எங்காவது வந்ததா? நாடா வெட்டுவதையும் உரையையும் மட்டும் காட்டினால், அது இரண்டு நிமிடமானாலும் சாய்வு. கேள்வியும் மறுகுரலும் இருந்தால் பத்து நிமிடமானாலும் செய்தி.

தேர்தல் வந்தால் மட்டும் விழித்துக்கொள்வதும் இதோடு சேர்ந்த பிழை. 2001இல் வந்த 17ஆவது திருத்தம், தேர்தல்கள் ஆணைக்குழுவின் வழிகாட்டல்களை அரச வானொலியும் தொலைக்காட்சியும் மீறினால், தேர்தலைப் பாதிக்கும் ஒளிபரப்பைப் பொறுப்பெடுக்கத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமிக்கலாம் என்றது. 2010 ஜனாதிபதித் தேர்தலில் அப்போதைய தேர்தல் ஆணையாளர் அப்படி ஒருவரை நியமித்தார். அறிவுறுத்தல்களை அரச ஊடகங்கள் கணக்கெடுக்கவில்லை என்று சொல்லி, அந்த நியமனத்தை அவரே பிறகு விலக்கிக்கொண்டார். ஐந்து வருடம் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடிய வண்டியை ஐந்து வாரத்துக்கு நேராக ஓட்டு என்றால் ஓடுமா?

நடுநிலை என்ற பெயரில் நடக்கும் பிழைகளில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது இரண்டு கதிரை போடும் பழக்கம். எந்த விடயமானாலும் ஒரு ஆதரவாளர், ஒரு எதிர்ப்பாளர், நடுவில் தலையாட்டும் அறிவிப்பாளர். பிபிசியே இதில் வழுக்கி விழுந்தது. 2017 ஓகஸ்டில் அதன் காலை வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பிரித்தானிய முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லோசன் வந்து, கடந்த பத்து வருடத்தில் உலக வெப்பநிலை சற்றுக் குறைந்திருக்கிறது என்றார். அது உண்மை இல்லை. பேட்டி கண்டவர் போதிய அளவு மறுத்துக் கேட்கவில்லை. ஒளிபரப்பு விதி மீறப்பட்டது என்று மறுவருடம் அந்த நாட்டு ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஒஃப்கொம் முடிவு சொன்னது. அங்கே உள்ள விதி, விடயத்துக்கு ஏற்ற அளவு நடுநிலையைத்தான் கேட்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் கொடு என்று அது சொல்லவே இல்லை.

நமக்கு இது சுன்னாகத்தில் நடந்தது. கிணற்று நீரில் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கலந்திருக்கிறது என்று ஒரு பக்கம், அப்படி ஒன்றும் இல்லை என்று மறுபக்கம். இரண்டு பேரையும் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தால் ஊடகத்தின் கடமை முடிந்துவிடுமா? கிணற்று வாளியில் மிதக்கும் படலத்தைக் கண்ட வீட்டுக்காரருக்கு அந்தச் சமநிலையால் ஒரு பயனும் இல்லை. நீரை எங்கே பரிசோதித்தார்கள், எந்த ஆழத்தில், அறிக்கையை யார் எழுதினார்கள், அவருக்குக் காசு கொடுத்தது யார் என்று தேடிச் சொல்வதுதான் நடுநிலை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. அதுவரை "சர்ச்சைக்குரிய விவகாரம்" என்று சொல்லிச் சொல்லியே காலம் கடத்த முடிந்தது.

"இரண்டு பக்கமும் எங்களைத் திட்டுகிறது, ஆகவே நாங்கள் நடுநிலை" என்று ஊடகக்காரர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வேலை மோசமாக இருந்தாலும் இரண்டு பக்கமும் திட்டும்.

சொன்னதை மட்டும் நோண்டிக்கொண்டு சொல்லாததை விட்டுவிடுவது இன்னொன்று. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதைப் பற்றிப் பொய் எதுவும் சொல்லாமலே ஒரு நிலையம் பக்கம் சாயலாம்: ஒருநாளும் சொல்லாமல் இருந்தால் போதும். இதைப் பிடிக்க ஒரே செய்தியை இரண்டு மூன்று இடத்தில் கேட்க வேண்டும். முடிந்தால் ஒரே நிறுவனத்தின் சிங்களச் செய்தியையும் தமிழ்ச் செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஐந்து செய்திகள் எவை, யார் சொந்தக் குரலில் பேசுகிறார், யாரைப் பற்றி மற்றவர் பேசுகிறார் என்று ஒரு தாளில் குறித்தால், ஒரு கிழமையிலேயே சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இது யாழ்ப்பாணத்துக்குப் புதிய வித்தையும் இல்லை. தொண்ணூறுகளில் மின்சாரம் கிடையாது, பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வானொலி வேலை செய்யும். சுற்றுவது தளர்ந்தால் சத்தமும் தளரும், "சுத்தடா" என்று உள்ளிருந்து குரல் வரும். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை, பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலி, இலங்கை வானொலி, புலிகளின் குரல் என்று எல்லாவற்றையும் கேட்டு, ஒவ்வொன்றும் சொன்ன இழப்புக் கணக்கை ஒப்பிட்டு, அடுத்த நாள் சந்தியில் கூடிக் கதைத்துத்தான் சனம் ஒரு முடிவுக்கு வந்தது. எந்த நிலையத்தையும் முழுதாக நம்பவில்லை, முழுதாகத் தள்ளவும் இல்லை. இப்போது கையில் பத்து சனல் இருந்தும் ஒன்றையே பார்த்துவிட்டுக் கோபப்படுகிறோம்.

அந்தத் தமிழோசைக்கும் பிறகு இங்கே தடங்கல் வந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பண்பலையில் தன் நிகழ்ச்சிகள் இடையில் வெட்டப்படுகின்றன என்று சொல்லி, 2009 பெப்ரவரியிலும் 2013 மார்ச்சிலும் பிபிசி தன் ஒலிபரப்பை நிறுத்தியது. 2013இல் வெட்டு விழுந்தது தமிழ் நிகழ்ச்சிகளில்தான்.

அப்புறம், தனியார் என்றால் சுதந்திரம் என்று எண்ணுவது. அரசியல்வாதி உரிமையாளராக இருக்கும் பத்திரிகையும் தொலைக்காட்சியும் நம் நாட்டில் தாராளம். நமக்காகக் குரல் கொடுக்கிறது என்பதற்காக அதன் சாய்வை மன்னித்துவிடுகிறோம். கொழும்பு அமைச்சரிடம் கேட்கச் சொல்லும் கேள்வியை நம் கட்சித் தலைவரிடம் கேட்கும் நிருபரை "விலைபோனவர்" என்கிறோம்.

முறையிட விரும்பினால் முகப்புத்தகத்தில் திட்டுவதைவிட உருப்படியான வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தக் கூட்டுத்தாபனங்களையும் கட்டுப்படுத்தும். தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். "ஏன் பக்கச்சார்பாக இருக்கிறீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. தேர்தலுக்கு முந்திய மூன்று மாதங்களில் எந்த அமைச்சு விளம்பரத்துக்கு எவ்வளவு கட்டியது, வடக்கில் எத்தனை நிருபர்கள் வேலை செய்கிறார்கள், தமிழ்ச் செய்திப் பிரிவுக்கு ஒதுக்கிய தொகை என்ன என்று கேளுங்கள். பதில் மறுக்கப்பட்டால் முதலில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம், அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.